கடன் வாங்கியா தேனிலவு?

தேனிலவுக்கு மாலத்தீவு போகாவிட்டால் மரியாதை இல்லை என்கிறார் எதிரணி நண்பர். நம் ஜொகூரிலேயே மெர்சிங் படகுத்துறை இருக்கிறதே ஐயா! அங்கிருந்து சுமார் 2 மணி நேரத்தில் தியோமான் தீவு. சாதாரண மரக்குடில் போதும். கடல்நீர் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் படகு நேரம் மாறும். கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

எங்களுக்குத் தை மாதம் கல்யாணம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பருவமழை, கடல் கொந்தளிக்கும். அதனால் சித்திரை வரை காத்திருந்தோம். அதற்குள் இருவர் சம்பளத்திலும் கல்யாணக் கடனை அடைத்துவிட்டோம். வட்டி பற்றிப் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் பாருங்கள், அதுதான் தேனிலவு!