அணை உடையவில்லை



2011 ஜனவரி 10. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். பிற்பகலில் டூவூம்பா நகருக்குள் காட்டாற்று வெள்ளம் புகுந்து, தெருவில் நின்ற கார்களை அடித்துக்கொண்டு போனது. அன்றே லாக்கியர் பள்ளத்தாக்கில் கிராந்தம் என்ற சிற்றூரையும் வெள்ளம் மூழ்கடித்தது, பலர் உயிரிழந்தார்கள். அடுத்து, தலைநகர் பிரிஸ்பேன். 1974 வெள்ளத்தை அந்த ஊர் மறக்கவில்லை. அதன் பிறகு கட்டிய வைவன்ஹோ அணையைத்தான் நம்பியிருந்தார்கள்.

அந்த அணையே உடையப்போகிறது என்று வதந்தி கிளம்பியது. மக்கள் நம்பியதில் வியப்பில்லை. அணையின் நீர் இருப்பு 100 விழுக்காட்டைத் தாண்டி 190-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நூறுக்கு மேல் போனால் அணை தாங்காது என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆனால் அந்த நூறு, குடிநீருக்கான கணக்கு. அதற்கு மேல் வெள்ளத்தைத் தேக்குவதற்கென்றே இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். உயிர்பயத்தில் இருப்பவர்களிடம் இதை யார் எடுத்துச் சொல்வது?

மாநிலக் காவல்துறையின் ஊடகப் பிரிவு முன்வந்தது. அணை உடையப்போவதில்லை என்று ட்விட்டரில் நேரடியாக அறிவித்தது. வதந்தி ஒவ்வொன்றையும் 'மித்பஸ்டர்' என்ற ஹேஷ்டேக் போட்டு உடனுக்குடன் மறுத்தது. சுமார் 17,000 பேர் பின்தொடர்ந்த அதன் ஃபேஸ்புக் பக்கத்தை ஒரே நாளில் சுமார் 1,00,000 பேர் பின்தொடரத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பிரிவின் தலைவர் கிம் சார்ல்டன். நான் பெரிதும் மதிப்பது அவர் முன்கூட்டியே செய்த வேலையை. 2010-இலேயே, வெள்ளம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, இந்தப் பக்கங்களைத் தொடங்கி, மக்களுக்குப் பதில் சொல்லத் தம் ஊழியர்களைப் பழக்கியிருந்தார். அரசு அறிவிப்பு ஒன்று வெளிவர எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். வெள்ள நாட்களில் அந்தக் காத்திருப்பு இல்லை. மாநில முதல்வர் அன்னா பிளை செய்தியாளர்களிடம் பேசப் பேச, முக்கியச் செய்திகள் பக்கத்தில் ஏறின. கோப்பு சுற்றி வருவதற்காகக் காத்திருந்தால், வதந்தி அதற்குள் ஊரையே காலிசெய்திருக்கும். கீழே இருப்பவர்களை நம்பி, ஒப்புதலுக்குக் காத்திராமல் வெளியிடும் அதிகாரத்தைக் கொடுக்க ஓர் அதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும்.

ஜனவரி 13 அன்று பிரிஸ்பேன் ஆறு 4.46 மீட்டர் உயரம்வரை ஏறி, பிறகு வடிந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அணை உடையவில்லை.

மூன்று வாரத்தில் யாசி புயல் வந்தது. பிப்ரவரி 3 அதிகாலை மிஷன் பீச் அருகே அது கரையைக் கடப்பதற்குள், எங்கே போவது, எப்போது கிளம்புவது என்று தெரிந்துகொள்ள வடக்குக் கடற்கரை மக்களில் பலர் அதே காவல்துறைப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.