அயல்நாட்டு உதவியும் நமது வயல்களும்

(காரைக்கால் வட்டார வளர்ச்சி அதிகாரி பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அயல்நாட்டார் பொருள் தந்தால் நாடு வளம் பெறுமா என்று உங்களில் பலர் வினவியதுண்டு. விடை காணத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. காரைக்காலைச் சூழ்ந்திருந்த அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அது சோதித்துப் பார்க்கப்பட்டது.

அமெரிக்காவின் ஃபோர்டு அறநிலைய உதவியுடன் 1960-61இல் தீவிர விவசாய ஜில்லாத் திட்டம் முதலில் ஏழு ஜில்லாக்களில் தொடங்கப்பெற்றது. தஞ்சாவூர் அவற்றுள் ஒன்று. உரம், கூட்டுறவுக் கடன், மண் பரிசோதனை, கிராம சேவகர்கள் யாவும் ஒருங்கே வந்தன. ஆயினும் முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் எதிர்பார்த்த அளவு உயரவில்லை. உரத்துக்கேற்ப விளையும் விதை கையில் இல்லை. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி.27 என்னும் குறுகிய கால நெல்லை வழங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. ஜப்பானிய நெல்லையும் நமது ஜி.இ.பி.24 ரகத்தையும் கலந்து உருவாக்கிய அவ்விதை குறுவைக்குப் பொருந்தியது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் தூண்டிய கலப்புப் பணியே அதன் பிறப்பிடம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நம் ஆராய்ச்சியாளர்கள். நீர் தந்தது 1934 முதல் நிற்கும் மேட்டூர் அணை. இவை முன்பே இருந்தமையால் வந்த பொருள் பயன் தந்தது.

விளைந்த நெல் யார் வீட்டுக்குச் சென்றது என்பது வேறு கேள்வி. அந்த ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலித் தகராறின் முடிவில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் மாண்டனர். அதற்கு அயல்நாட்டு உதவியைக் குறை கூறுவது நியாயமன்று. ஆயினும் விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்துத் திட்டம் வெற்றி என்று எழுத என் கை எழவில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் என அளித்தது தானமன்று. தவணையில் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். இடிந்த வீட்டை எழுப்புவது அவசியமே; அதனை வளர்ச்சிக் கணக்கில் எழுதலாகாது.

நாமோ காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியதும், உச்ச நீதிமன்றம் 2018இல் மாற்றாது விட்டதும் 7 டி.எம்.சி. நீர். அந்நீர் அரசலாற்றில் வந்தாலும், தூர்ந்த வாய்க்கால் வழியே வயலை எட்டாது. ஆகவே புதிய திட்டம் எதற்கேனும் விண்ணப்பம் எழுதுமுன், உங்கள் ஊரில் எந்த மதகு பழுது, எந்த வாய்க்கால் தூர்ந்தது, அதனை ஆண்டுதோறும் பராமரிப்பவர் யார் என்று பட்டியல் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.