காணாத ஒளியும் காவற் கமராவும்

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தினாற் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலேயே வெப்பம் மிகுந்திருந்தது. செந்நிறக் கீழ்க் கதிர் என்றும் அகச்சிவப்புக் கதிர் என்றும் வழங்கும் அக்காணாத ஒளியே இன்று களஞ்சியங்களையும் வாயில்களையும் இரவிற் காக்கும் கமராக்களுக்கு விளக்காகின்றது.

மனிதக் கண் ஏறத்தாழ 700 நனோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளத்தை அரிதாகவே உணரும். கமராவினுள் இருக்கும் சிலிக்கனோ ஏறத்தாழ 1,100 நனோமீற்றர் வரை உணரும். இவ்விளக்குகளில் 850, 940 நனோமீற்றர் என இருவகை பெரிதும் வழக்கிலுள்ளன. முன்னையதன் முகம் மங்கிய செந்நிறமாய்த் தெரியும். ஆயினும் கமரா அதனை நன்கு உணரும். பின்னையது கண்ணுக்கு மறைந்திருக்கும். ஆனால் சிலிக்கனின் உணர்வு அங்கே குறைவதால், அதே தொலைவுக்குக் கூடிய வலு வேண்டும்.

விளக்கின் வலு மிகுந்தால் படமும் சிறக்கும் என்று பலர் எண்ணுவர். அது தவறு. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகும். 5 மீற்றரில் நிற்பவன் பெறும் ஒளியிற் பதினாறிலொரு பங்கே 20 மீற்றரில் நிற்பவனுக்குக் கிட்டும். ஆகவே, தூரத்து மதில் தெரியவேண்டுமென்று விளக்கைப் பெருக்கினால், வாயிலை நெருங்கியவனின் முகம் வெறும் வெண்தட்டாகிவிடும். அத்தகைய படம் குற்றவாளியைக் காட்டாது. குற்றமற்றவர்மீது ஐயங்கொள்ளவும் இடமளிக்கும்.

வேண்டியது சீரான ஒளி. அண்மைக்கு அகன்ற கற்றையும் சேய்மைக்கு ஒடுங்கிய கற்றையும் தனித்தனியே அமைதல் நன்று. கற்றையின் அகலம் வில்லையின் பார்வைக் கோணத்துக்கு இசைதல் வேண்டும். விளக்கு வில்லையை ஒட்டியிருந்தால், சிலந்தி வலையும் மழைத்துளியும் பூச்சியும் மின்னிப் படத்தை மறைக்கும். சற்று விலகியிருப்பின் அத்தொல்லை குறையும். அருகே தழைத்த கிளையையும் அகற்றுதல் வேண்டும். பச்சையிலை இக்கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. கறுப்பு ஆடையும் இவ்வொளியில் வெளுத்துத் தோன்றக்கூடும். ஆதலால் ஆடையின் நிறங்கொண்டு எவரையும் இன்னாரெனத் துணிதல் ஆகாது. காணாத ஒளிக்குக் கண்மணி சுருங்குவதுமில்லை. வலுவான விளக்கை அருகிலிருந்து உற்றுநோக்குதல் தகாது.

வேலை முடிந்த அன்றிரவே ஒருவரை மதிலிலிருந்து வாயில்வரை நடக்கச் செய்து, அடிக்கடி நிறுத்தி, படத்தைப் பார்த்தல் வேண்டும். ஒவ்வோரிடத்திலும் அவர் முகம் தெளிவாய்த் தெரியுமாயின், அவ்விளக்கு தன் கடமையைச் செய்கின்றது என்று கொள்ளலாம்.