எல்.சி.75-ஆ, பி.எல்.சி.-யா? அக்கா மகன் கேட்ட கேள்வி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் "பென்ஷன் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். பி.காம். படித்தவன், அவ்வளவுதான். முதலீட்டு ஆலோசகர் இல்லை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு உங்கள் அலுவலகத்திலும் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் பென்ஷன் என்றால் முதலில் ஞாபகம் வருவது பிரெஞ்சு பென்ஷன்தான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் எந்தப் படிவத்திலும் 'பங்குச் சந்தையில் எத்தனை சதவீதம்' என்று டிக் போட்டதில்லை. சர்க்கார் கொடுத்தது, அவர் வாங்கினார். அந்தக் காலம் போய்விட்டது. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம், நாம் என்.பி.எஸ். என்கிறோமே, அதுதான். ராணுவத்தினர் மட்டும் விலக்கு. சம்பளத்தில் 10 சதவீதம் நம் பங்கு, 14 சதவீதம் அரசின் பங்கு. அந்தப் பணம் சந்தைக்குப் போகிறது. கடைசியில் என்ன திரும்பி வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் அஞ்சல் துறையில் இருக்கிறான். வயது 45. தீபாவளி முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, ஆபீஸ்ல புதுசா ரெண்டு ஆப்ஷன் வந்திருக்கு, எதுல டிக் போடுறது?" என்றான். 2025 அக்டோபரில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு முதலீட்டு வழிகளைக் கூட்டியது. அதைத்தான் கேட்டான்.

அதுவரை என்ன இருந்தது என்றால், ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களின் பணம் எஸ்.பி.ஐ., யு.டி.ஐ., எல்.ஐ.சி. ஆகிய மூன்று நிதி மேலாளர்களுக்கும் பிரிந்து போகும். இது வழக்கமான முறை. நெடுங்காலமாக இதில் பங்குக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பாக இருந்தது. 2019 ஏப்ரல் முதல் வேண்டியவர்கள் மேலாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். முழுக்க அரசுப் பத்திரம், எல்.சி.25, எல்.சி.50 என்ற வழிகளும் வந்தன. எல்.சி. என்றால் வயதுக்கேற்பப் பங்கின் அளவு தானாகக் குறைந்துகொண்டே வரும் முறை. பக்கத்தில் இருக்கும் எண், 35 வயது வரை பங்கில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 2025-இல் புதிதாக வந்தவை எல்.சி.75, அப்புறம் பி.எல்.சி. என்கிற 'பேலன்ஸ்டு லைஃப் சைக்கிள்'.

மருமகன் என்ன நினைத்தான் தெரியுமா? "75 ரொம்ப ரிஸ்க் மாமா. பேலன்ஸ்டுன்னு பேரே இருக்கே, அதுல போட்டுடுறேன்." பேரைப் பார்த்துச் சோறு போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. நான் பட்டியலை எடுத்து வரச் சொன்னேன். சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

எல்.சி.75-இல் பங்கு 35 வயதில் 75 சதவீதம். ஆனால் அது வேகமாக இறங்குகிறது. 45 வயதில் 35 சதவீதம், 55-இல் 15. எல்.சி.50-இல் 45 வயதில் 30, 55-இல் 10. பி.எல்.சி. 50 சதவீதத்தில் ஆரம்பித்து 45 வயது வரை அசையாமல் அங்கேயே நிற்கிறது. அதற்கப்புறம்தான் இறங்கத் தொடங்குகிறது, அதுவும் 55-இல் 35 சதவீதத்தில் நின்றுவிடும். ஆக என் மருமகன் வயதில் பங்கு அதிகம் இருப்பது 'பேலன்ஸ்டு' என்று பேர் வைத்த முறையில்தான்! 55 வயதுக்காரருக்கு அது எல்.சி.75-ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேலே.

அது தவறான முறை என்று நான் சொல்லவில்லை. தெரிந்து போட வேண்டும் என்கிறேன். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 55 வயதில் கணக்கில் 40 லட்சம் இருக்கிறது, சந்தை 30 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எல்.சி.-யில் பங்கில் 14 லட்சம் இருக்கும், நஷ்டம் 4 லட்சத்து 20 ஆயிரம். எல்.சி.75-இல் 1 லட்சத்து 80 ஆயிரம். எல்.சி.50-இல் 1 லட்சத்து 20 ஆயிரம். இது கற்பனைக் கணக்குதானே என்பீர்கள். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. அதே வருஷம் நவம்பரில் பழைய இடத்துக்குத் திரும்பியும் விட்டது. காத்திருக்க முடிந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மார்ச்சில் பெண் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வேண்டியிருந்தவர் என்ன செய்வார்?

அதனால் நான் அவனைக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக் கடன் எப்போ முடியுது?" இரண்டாவது, "யு.பி.எஸ். எழுதிக் கொடுத்தியா, இல்லையா?" யு.பி.எஸ். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு மாறுவதற்கான கடைசித் தேதி இரண்டு முறை தள்ளிப்போய் நவம்பர் 30-இல் முடிந்தது. 25 வருஷ சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி, அதன்மேல் அகவிலை நிவாரணம். மாறினவர்கள் 'நமக்குத்தான் உத்தரவாதம் இருக்கே, பங்கை ஏற்றி வைப்போம்' என்று நினைக்கலாம். அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. வழக்கமான முறையில் விட்டிருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்த முறையில் அதைவிடக் குறைந்தால் பென்ஷனும் அந்த விகிதத்தில் குறையும், அல்லது கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும். கூடினால் கூடியது உங்களுக்கே. யு.பி.எஸ்.-இல் இருக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு டிக் போடுங்கள்.

என்.பி.எஸ்.-இலேயே இருக்கும் அரசு ஊழியருக்கு 60 வயதில் 60 சதவீதம் கையில் வரும், 40 சதவீதத்துக்கு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் மாதாமாதம் வருகிற தொகை வாங்க வேண்டும். அந்தத் தொகை பொதுவாக விலைவாசியோடு ஏறாது. ஆகவே இள வயதில் பங்கைக் கண்டு ரொம்பப் பயப்படுவதும் ஒரு ஆபத்துதான். 28 வயதுப் பையன் முழுக்க அரசுப் பத்திரத்தில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு முறை தப்பாக டிக் போட்டவன். 1995-இல் வங்கிகளுக்கு பென்ஷன் வந்தபோது, பி.எஃப். வேண்டுமா, பென்ஷன் வேண்டுமா என்று கேட்டார்கள். பி.எஃப். வட்டி 12 சதவீதம் ஓடிய காலம். வேலைநிறுத்தம் செய்தால் பென்ஷனுக்கு ஆபத்து என்ற பேச்சும் இருந்தது. கிளையில் எல்லோரும் பி.எஃப். என்றார்கள், நானும் பி.எஃப். என்றேன். விதிமுறைப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2010 ஏப்ரல் 27 ஒப்பந்தத்தில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. 2007 நவம்பர் மாதத் திருத்திய சம்பளத்தைப்போல 2.8 மடங்கு கட்டச் சொன்னார்கள். வீட்டுக்காரியின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினேன். என் பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்த நண்பர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார். இப்போதும் ஒவ்வொரு மாதமும் டெபாசிட் வட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வாய்ப்பு வரவில்லை.

மருமகன் கடைசியில் எல்.சி.50 போட்டான். வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது, மனைவிக்கு வேலை இல்லை. அதே வயதில் கணவன் மனைவி இருவரும் சம்பாதித்து, கடனும் இல்லாத வீட்டுக்கு நான் பி.எல்.சி. என்றுகூடச் சொல்லியிருப்பேன். முதலீட்டு முறையை ஒரு நிதியாண்டில் இரண்டு தடவை மாற்றலாம், மேலாளரை ஒரு தடவை. அதற்காகச் சந்தை இறங்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

இன்னொன்று, கையோடு நாமினி பெயரையும் பாருங்கள். அவன் கணக்கில் இன்னும் என் அக்கா பெயர்தான் இருந்தது. அக்கா போய் நான்கு வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெஞ்சில் இருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் கணக்கு அறிக்கையை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டு கொண்டு வராதீர்கள், எனக்கும் சொல்லாதீர்கள்.