கோழிச் செல்வமும் தெருவின் ஒற்றுமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் உளர். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவோர் உளர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வையும் தொண்டையும் எடுத்துரைப்போர் உளர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, கோழி! தலைவர் அதனை அறிவித்தபோது இளைஞர் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டேன். நம் தெருவைப் பொறுத்தவரை கோழியைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதே என்பதை இன்னும் சிறிது நேரத்தில் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

நிலம் உடையவனுக்கு நெல் உண்டு. மாடு உடையவனுக்குப் பால் உண்டு. நிலமும் மாடும் இல்லாத நம் தாய்மார்களுக்கு, தம் பெயரில், தம் கைக்கு அடங்கியதாய் உள்ள சொத்து எது? கொல்லையில் மேயும் நான்கு கோழிகளே. நாட்டுக்கோழி ஒன்று ஒரு பருவத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை வரை இடுகிறது. அடை வைத்தால் இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கிறது. சிந்திய தானியத்தையும் புழு பூச்சியையும் தின்று வளர்கிறது. ஆடி மாதத்தில் கூழ் வார்த்தலுக்குச் சேவல் தேடி வருவோர் கேட்ட விலை கொடுக்கின்றனர். அவசரத்திற்கு அடகுக் கடை வாயிலில் நிற்காமல் ஒரு பெண்ணைக் காப்பது இந்தக் கோழிதான்.

அந்த அவசரம் எப்பொழுது வருகிறது? சூன் மாதத்தில் வருகிறது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. உதவித்தொகை உண்டு என்பது உண்மையே. ஆனால் அது கைக்கு வந்து சேரும் வரையில் பேருந்துக் கட்டணம், விடுதிக்குப் பெட்டி, மாற்றுத் துணி, குறிப்பேடு ஆகிய அனைத்திற்கும் யார் பொறுப்பு? என் பணிக்காலத்தில் நான் கண்ட ஒரு செய்தியைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறிய மாணவி ஒருத்தி கல்லூரியில் சேரவில்லை. காரணம் கேட்டேன். ‘கோழி எல்லாம் செத்துப் போச்சுங்க ஐயா’ என்றார் அவள் தாயார். பதினான்கு கோழிகள் ஒரே வாரத்தில் மடிந்துபோயின. அவ்வாண்டு அப்பெண் செங்கல் சூளைக்குச் சென்றாள். வெள்ளைக் கழிச்சல் நோய் கோழியை மட்டும் கொல்லவில்லை. ஒரு படிப்பையும் கொன்றது!

அன்பர்களே! இந்நோயின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது முதன்முதலாக அறியப்பட்டது. அதனால் உலகம் இதனை நியூகாசில் நோய் என்கிறது. அதனை அடுத்து நம் நாட்டில், இமயமலைச் சாரலில் குமாவோன் பகுதியைச் சேர்ந்த ராணிக்கெட்டில் காணப்பட்டமையால் இங்கே இராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்றது. நம் மக்கள் கண்ணால் கண்டதை வைத்து வெள்ளைக் கழிச்சல் என்கின்றனர். இது வைரசால் வருவது. கோழி சோர்ந்து ஒடுங்கும், வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகிக்கொள்ளும், காலும் இறக்கையும் விழுந்துவிடும். தடுப்பூசி போடாத மந்தையில் புகுந்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வந்த பின் இதனைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. கீழாநெல்லியும் மஞ்சளும் மிளகும் அரைத்துக் கொடுப்பதை நான் இகழவில்லை. ஆனால் அவற்றைத் தடுப்பூசிக்கு ஈடாகக் கருதுதல் கூடாது.

நோய் எவ்வாறு பரவுகிறது? பெரும்பாலும் நம் கையாலேயே பரவுகிறது. கோழி ஒன்று தூங்கி வழியக் கண்டதும், ‘செத்தால் நட்டம், விற்றால் காசு’ என்று சந்தைக்கு எடுத்துச் செல்கிறோம். அங்கு வாங்கியவர் தம் ஊருக்கு நோயையும் சேர்த்துச் சுமந்து செல்கிறார். இறந்த கோழியை ஏரிக்கரையிலோ ஓடையிலோ வீசுகிறோம். நாயும் காகமும் அதனை இழுத்துத் தெருவெங்கும் பரப்புகின்றன. இறந்த கோழியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். அல்லது எரித்தல் வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை மூன்று வார காலம் தனியே அடைத்து வைத்த பின்னரே மற்றவற்றோடு விடுதல் வேண்டும். ஒரே சமயத்தில் பல கோழிகள் இறந்தால் வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். முகத்தில் கொப்புளம் கிளம்பும் கோழி அம்மையை அம்மனின் சினம் என்று எண்ணி வாளாவிருப்போரும் உளர். அதுவும் கொசுக்கடியாலும் தொற்றாலும் பரவும் நோயே. அதற்கும் தடுப்பூசி உண்டு.

வெள்ளைக் கழிச்சலுக்குரிய தடுப்பு முறை கடினமானதன்று. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஓர் ஊசி. அதன் பின் ஆண்டுதோறும் தவறாது ஊசி. இம்மருந்து எங்கோ அயல்நாட்டிலிருந்து வருவதன்று. நம் பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தின் இராணிப்பேட்டையிலே உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் உருவாகிறது. கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரித் திங்களில், கோடை தொடங்கும் முன் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்தி இலவசமாகவே போடுகின்றனர்.

பின் ஏன் நம் தெருவில் கோழிகள் சாகின்றன? இங்கேதான் நாம் சிந்தித்தல் வேண்டும். இம்மருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட வேண்டியது. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கும் அதற்கு மேலும் உரிய மருந்து இருக்கிறது. கலக்கிய பின் இரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடித்தல் வேண்டும். மீந்ததை மறுநாளைக்கு வைத்தல் இயலாது. நான்கு கோழி வைத்திருக்கும் ஒரு தாய் தனித்துச் சென்று என்ன செய்வாள்? முகாமிற்கு ஆள் வரும்போது அவள் களை எடுக்கப் போயிருப்பாள். கோழிகளோ மேயப் போயிருக்கும். நால்வர் போட்டு நாற்பது பேர் போடாவிட்டால் நோய் தெருவில் தங்கவே செய்யும். ஆகவே இதனை ஒரு வீடு தனித்துச் செய்ய இயலாது. ஒரு தெரு கூடிச் செய்தல் இயலும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், தான்சானியா முதலிய நாடுகளில், வெப்பத்தைத் தாங்கும் சொட்டு மருந்தை ஊர்ப் பெண்களும் இளைஞர்களுமே பயின்று, குறித்த நாளில் வீடு வீடாகச் சென்று போட்டு வருகின்றனர். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

இனிக் காட்டு உயிர்களுக்கு வருவோம். சவ்வாது மலையின் அடிவாரத்திலும், செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளிலும் வாழ்வோர்க்கு இத்தொல்லை நன்கு தெரியும். பகலில் கீரி வரும். வானிலிருந்து பருந்தும் வல்லூறும் குஞ்சைத் தூக்கும். அந்தியில் நரியும் காட்டுப்பூனையும் வரும். இரவில் மரநாய் வரும். பாம்பும் உடும்பும் முட்டையை நாடி வரும். அவற்றின் மேல் சினம் கொண்டு பயனில்லை. திறந்த கூட்டைக் கண்டால் அவை நுழையத்தான் செய்யும்.

கூடு தரையினின்று உயர்ந்திருத்தல் நலம். அரை அங்குலக் கண்ணுடைய உறுதியான கம்பி வலை வேண்டும். அகன்ற கண்ணுடைய வலையில் பாம்பு நுழையும், மரநாய் கைவிட்டு இழுக்கும். தரையில் அமைந்த கூடாயின், கீரியும் பெருச்சாளியும் தோண்டாதவாறு சுற்றிலும் ஓரடி ஆழத்திற்குக் கல் பதித்தல் வேண்டும். நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பொழுது சாயுமுன் கதவை அடைத்துத் தாழிடுதல் வேண்டும். குஞ்சுகளை முதல் ஆறு வாரங்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்தோ கண்காணிப்பிலோ வளர்த்தல் வேண்டும். பருந்துக்கு அஞ்சி ஒளிய, கொல்லையில் ஒரு கொடிப்பந்தலோ ஆமணக்குப் புதரோ போதும். ஆனால் முட்குவியலையும் வைக்கோல் போரையும் கூட்டின் அருகே வைத்தலாகாது. கீரி பதுங்குமிடம் அதுவே. விதைப்புக் காலத்தில் கோழியை அடைத்தே தீனி போடுங்கள். பிறர் நிலத்தில் கோழி கிளறியது என்று தொடங்கும் சொல், எந்த வம்பில் போய் முடியும் என்பதை நம் தெரு அறியும்.

இளைஞர்களே! உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். கீரியைக் கொல்லக் குருணை மருந்தைக் கறியில் கலந்து வைப்பது, கண்ணி வைப்பது, அவுட்டுக்காய் வைப்பது, வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது ஆகியவற்றை அறவே விலக்குங்கள். நஞ்சு வைத்தவன் கீரியை மட்டும் கொல்வதில்லை. வீட்டு நாயையும் மயிலையும், சில வேளை விளையாடும் குழந்தையையும் கொல்கிறான். மேலும், கீரியும் உடும்பும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கொன்றால் சிறை. ஒரு கோழிக்காக ஒரு வழக்கு. அரசு வேலைக்குத் தேர்வெழுதி வென்ற பின்னும், காவல்துறைச் சரிபார்ப்பில் அவ்வழக்கு குறுக்கே வந்து நிற்கும். எத்தனை பாடுபட்டு இச்சங்கம் உங்களைப் படிக்க வைத்தது! அதனை ஒரு கண்ணியில் இழக்கலாமா? எலியைத் தின்று வயலைக் காக்கும் கீரிக்குக் கதவை அடைப்பதே அறிவுடைமை.

முடிவாக, வெள்ளி விழா ஆண்டில் இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், அவர்களுள் ஒருவர் பெண், பொறுப்பேற்று, எவர் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுக. தை பிறந்ததும் கால்நடை உதவி மருத்துவரைக் கண்டு முகாம் நாளைக் கேட்டறிந்து, முதல் நாள் மாலையே தெருவில் அறிவித்து, கோழிகளை விடியுமுன் கூட்டிலேயே நிறுத்தி வைத்து, வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் கோழிகளையும் நீங்களே பிடித்துக் கொடுங்கள். சங்கத்தின் சேமிப்பிலிருந்து, கணவனை இழந்தோர்க்கும் முதியோர்க்கும் வலை அடித்த கூடு ஒன்று செய்து கொடுக்கச் சிறு கடன் வழங்குக. கோழி விற்ற காசில் அவர்கள் திருப்பித் தருவார்கள்.

ஒன்றுபட்டு ஊர்க்கிணற்றில் நீரெடுக்கும் உரிமை கேட்டவர்கள் நம் முன்னோர். ஒன்றுபட்டுப் பள்ளிக்கூடம் கேட்டவர்கள் நம் தந்தையர். ஒன்றுபட்டு ஒரு காலைப்பொழுதில் இரண்டு மணி நேரம் கோழி பிடிக்க நம்மால் இயலாதா? இயலும். அவ்வாறு செய்தால், வருகின்ற சூன் மாதத்தில் நம் தெருவில் எந்தப் பெண்ணும் கோழி செத்ததென்று கல்லூரியை விட்டு நிற்க வேண்டியதில்லை.