உடம்புக்குத் தெரிந்ததும் தெரியாததும்

மூச்சை அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? அரை நிமிடம் சும்மா போய்விடும். அதற்குமேல் நெஞ்சு முட்டும். பிறகு நாம் வேண்டாம் என்றாலும் உடம்பே மூச்சை இழுத்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அதனால்தான் முட்டுகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும். முட்டவைப்பது, வெளியேற வழியில்லாமல் சேர்ந்துவிட்ட கரியமில வாயு. அது ரத்தத்தில் கரைந்தால் அமிலத்தன்மை கூடும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம் அதை உடனே உணர்ந்து, மூச்சு விடு என்று மணி அடிக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன், ஜே. ஜி. பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1905இல் இதைச் சோதனைகளால் காட்டினார்கள்.

இந்த மணியை ஏமாற்றுவது ஆபத்து. கிணற்றிலும் குளத்திலும் யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். குதிக்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அதனால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. கரியமில வாயுதான் குறையும். நீருக்கடியில் மணி தாமதமாக அடிக்கும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, முட்டல்கூடத் தெரியாமல் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே இப்படி மூழ்கியிருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மணி அடித்தும் பயன் இல்லாத இடங்களும் உண்டு. நாம் இழுக்கும் காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம். விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம். இழுக்கும் காற்றிலேயே அது 10 சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அதனால் பள்ளம் பார்த்துத் தங்கும்.

ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்று ஓர் எரிமலை ஏரி இருக்கிறது. ஆழம் 200 மீட்டருக்கு மேல். பூமிக்கடியிலிருந்து கசிந்த கரியமில வாயு அதன் அடிநீரில் காலங்காலமாகக் கரைந்து சேர்ந்திருந்தது. 1986 ஆகஸ்ட் 21ஆம் தேதி இரவு அது திடீரெனப் பொங்கி வெளியேறியது. பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு வரை பரவியது. ஏறத்தாழ 1,700 பேரும் ஆயிரக்கணக்கான ஆடுமாடுகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். பலர் படுத்த படுக்கையிலேயே இறந்துகிடந்தார்கள். 2001இல் ஏரியின் அடிவரை குழாய் இறக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.

நம் ஊர்ப் பாழுங்கிணறுகளிலும் இதே வாயு தேங்கலாம். விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்குவது பழைய வழக்கம். அதை நம்பக் கூடாது. விளக்கு எரியும் காற்றிலும் ஆளை மயக்கும் அளவுக்கு நச்சு வாயு இருக்கலாம். கீழே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவர் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். இப்படி ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் குடும்பமே போன கதைகள் உண்டு.

இனி வானத்துக்கு வருவோம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது. ஆலைகளும் நீராவி எந்திரங்களும் வருவதற்கு முன் சுமார் 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த மாற்றம் நம் முகுளத்துக்குத் தெரியாது. மூச்சு முட்டவில்லை, தலை சுற்றவில்லை. ஆனால் பூமிக்குச் சுடுகிறது. வெயிலை உள்ளே விட்டு, தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்துவைப்பது இந்த வாயுவின் இயல்பு. இப்படி வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்களே இல்லையென்றால் பூமி உறைந்துபோயிருக்கும். கூடினால் கொதிக்கிறது.

நாம் வெளியேற்றுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. ரத்தத்தில் நடக்கும் அதே வேதியியல்தான் அங்கேயும்: கரைந்த வாயு நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. ரத்தத்தில் கூடினால் நுரையீரல் வெளியே தள்ளிவிடும். கடலுக்கு அப்படி விரைவான வழி இல்லை. சிப்பிகளுக்கு ஓடு கட்டுவதும், மன்னார் வளைகுடாவில் இருப்பதுபோன்ற பவளப் பாறைகள் வளர்வதும் கடினமாகிறது.

நாம் மூச்சு விடுவதே குற்றமா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. மூச்சில் போகும் கரி, நேற்றுச் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்தது. நெற்பயிர் அதைக் காற்றிலிருந்துதான் எடுத்திருந்தது. போன இடத்துக்கே அது திரும்புகிறது. நிலக்கரியும் பெட்ரோலும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கரியை அவை புதிதாகக் காற்றில் சேர்க்கின்றன. அப்படிச் சேர்ந்ததில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே இருக்கும். ஆகவே புகையைக் கொஞ்சம் குறைத்தால் ஏற்றத்தின் வேகம்தான் குறையும், ஏற்றம் நிற்காது. புதிதாகச் சேர்ப்பதை அநேகமாக முழுதாக நிறுத்தினால்தான் நிற்கும். எந்த அரசு எந்தத் திட்டத்தை அறிவித்தாலும் இந்தக் கணக்கை வைத்தே அதை எடைபோடுங்கள்.