பிள்ளையின் நோய்க்கென ஒரு பங்கு



குழந்தைகள் உள்ள இல்லத்தில் மாத வரவு செலவைத் திட்டமிடும்போது அரிசிக்கும் பால்மாவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் இடம் ஒதுக்குகின்றோம். நோய்க்கென இடம் ஒதுக்குவோர் மிகச் சிலரே. நோயை நினைப்பதே அபசகுனம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் சற்று வலியது. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளும் இலவசமாகவே ஏற்றப்படுகின்றன. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவு வண்டியும் கட்டணமின்றி வருகின்றது. இவ்வளவும் இருக்கப் பணம் எதற்கு என்று கேட்கலாம் அன்றோ?

கட்டிலுக்குக் கட்டணமில்லை என்பது மெய்யே. ஆயினும் கட்டிலைச் சுற்றிய செலவுகள் பல. பிள்ளையுடன் தாய் தங்கினால் அவளது நாட்கூலி போகின்றது. வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளைத் தந்தை பார்த்தால் அவனது கூலியும் போகின்றது. போக்குவரவுக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும். வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்க நேர்வதும் உண்டு. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் கூறுவேன். நாளொன்றுக்கு 2,500 ரூபா உழைக்கும் ஒருவர் ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லையெனின் நட்டம் 12,500 ரூபா. போக்குவரவும் உணவும் நாளுக்கு ஆயிரமாக 5,000 ரூபா. வெளியே செய்யும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் 4,000 ரூபா எனக் கொள்வோம். மொத்தம் 21,500 ரூபா. வாரம் 500 ரூபா ஒதுக்கினால் இத்தொகை 43 வாரங்களிற் சேரும். தங்கள் ஊர்த் தூரத்தையும் கூலியையும் இட்டு நேயர்கள் தத்தம் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்நூறு இயலாதவர் நூறிலே தொடங்கட்டும். முதலில் சேரவேண்டியது ஓர் இரவில் வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவு மட்டுமே.

இதில் அவசரம் ஏன் என்பதற்கு டெங்குக் காய்ச்சலே சான்று. 2017 இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். வட கிழக்கிலே ஐப்பசி தொடங்கும் மாரி மழையுடன் இது பெருகுவது வழக்கம். இந்நோயின் வஞ்சகம் யாதெனில், காய்ச்சல் தணிகின்ற வேளையிலேதான் பெரும்பாலும் ஆபத்து ஆரம்பமாகின்றது. "சூடு குறைந்துவிட்டது, சம்பளம் வரட்டும், பிறகு இரத்தம் சோதிக்கலாம்" என்று காத்திருக்கும் இரண்டு நாட்கள் ஒரு பிள்ளையின் உயிரையே பறித்துவிடக்கூடும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கைப்பையைப் பார்த்து நிற்றலாகாது.

சேர்த்ததை எங்கே வைப்பது? நம் பெண்கள் சீட்டுப் பிடிப்பதில் வல்லவர்கள். நானும் அதைக் குறை கூறேன். ஆனால் சீட்டு நமது முறைக்கு வரும். காய்ச்சல் முறை பார்த்து வருவதில்லை. பிள்ளையின் பெயரிலுள்ள சிறுவர் சேமிப்புக் கணக்கோ, பொதுவாகப் பதினெட்டு வயதுவரை எளிதில் எடுக்க முடியாதது. அது எதிர்காலத்துக்கு நல்லது, இன்றிரவுக்கு உதவாது. நகையை அடகு வைக்கலாமெனின், நள்ளிரவில் அடகு கடை திறந்திருப்பதில்லை, வட்டியும் பின்தொடரும். ஆகவே தேசிய சேமிப்பு வங்கியிலோ வேறு வங்கியிலோ வேண்டியபோது எடுக்கக்கூடிய சாதாரண சேமிப்புக் கணக்கே இதற்கு ஏற்றது. அட்டை எங்கிருக்கின்றது என்பதும் அதன் இரகசிய இலக்கமும் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்த சேமிப்பு, அவர் வெளியூர் சென்றிருக்கையில் இல்லாத சேமிப்பே. முதலிரவுக்கான சிறு தொகையைப் பணமாகவே, பிள்ளையின் கிளினிக் புத்தகத்துடன் ஓர் உறையில் இட்டு வைக்கலாம். அரசாங்க உத்தியோகத்தர்கள் தமக்குரிய அக்ரஹார காப்புறுதி எவற்றுக்கு உதவும் என்பதை இப்போதே கேட்டறிந்து, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தல் நன்று.

அக்காலத்து யாழ்ப்பாணத்துத் தாய்மார் உலையிலிட எடுத்த அரிசியில் ஒரு பிடியைக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமென வேறாக வைப்பார்கள். மிஞ்சியதை அன்று, முதலிலேயே எடுத்து வைத்தார்கள். சம்பளம் கைக்கு வந்த அன்றே இப்பங்கையும் அவ்வாறே பிரித்துவிட வேண்டும். மாத முடிவில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்போரிடம் மிஞ்சுவது என்னவென்று இல்லத்தரசிகள் அறிவார்கள்.

கல்யாண வீட்டு அன்பளிப்புக்கு இப்பணத்தைத் தொடும் ஆசை வரும். தொட்டால் அடுத்த மாதமே திருப்பி இடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மாரி மழைக்கு முன்பதாக, தொகையை மீண்டும் கணக்கிடுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய ஆண்டிலும் பார்க்க ஏறக்குறைய 70 சதவீதம் கூடியிருந்தது. முன்னர் போதுமென வைத்த பணத்தில் அப்போது பாதி வழிக்கே செல்ல முடிந்தது.